கோதென்பர்க் செல்ல எந்த வாசல்: லாண்ட்வெட்டரா, காஸ்ட்ரூப்பா, ஆர்லாண்டாவா, கப்பலா?

சுவீடனின் இரண்டாவது பெரிய நகரமான கோதென்பர்க், நாட்டின் மேற்குக் கரையில், யோத்தா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஸ்டாக்ஹோமிலிருந்து 455 கிலோமீட்டர் இருப்புப்பாதைத் தொலைவில் இருக்கிறது. 1621-இல் அரசர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் சாசனம் அளித்துத் தொடங்கிய இந்தத் துறைமுக நகரம், இன்று வால்வோ நிறுவனங்களாலும் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாலும் வெளியுலகில் அறியப்படுகிறது. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரையும், சில வார அலுவலுக்காகப் போகும் பொறியாளர்களையும் மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். சுவீடன்காரர்கள் தங்கள் நகரத்தை 'யோத்தெபோரி' என்றுதான் சொல்வார்கள். ரயில் நிலையப் பலகைகளிலும் சுவீடிஷ் எழுத்துக்கூட்டலே இருக்கும் என்பதால், அந்த ஒலியைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வது அறிவிப்புகளைப் புரிந்துகொள்ள உதவும்.

பயணச்சீட்டு தேட உட்காரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. நகரத்தின் சொந்த விமான நிலையமான லாண்ட்வெட்டருக்கு ஒரு கட்டணமும், பக்கத்து நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு வேறொரு கட்டணமும், ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டாவுக்கு மற்றொன்றும் திரையில் வந்து நிற்கும். பெரும்பாலும் லாண்ட்வெட்டருக்கான கட்டணமே கூடுதலாக இருக்கும். அப்போது, சுவீடன் கொடுத்த விசாவை வைத்துக்கொண்டு டென்மார்க்கில் இறங்கலாமா என்ற ஐயம் எழுகிறது; அதற்குத் தெளிவான விடை கிடைக்காத பலர், தேவையில்லாமல் கூடுதல் பணம் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் ஸ்டாக்ஹோம் வழியாகச் சுற்றுகிறார்கள். நுழைவு விதிகளை ஒரு வேலையாகவும் போக்குவரத்தை வேறொரு வேலையாகவும் பிரித்துப் பார்ப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எல்லைச் சோதனையை எந்த ஊரில் வரிசையில் நின்று முடிக்கப் போகிறோம், அந்த வரிசை நீண்டுவிட்டால் அடுத்து ஏற வேண்டிய வண்டி நமக்காகக் காத்திருக்குமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் எந்த வழி நல்லது என்பது விளங்கும்.

முதலில் விசா. சுவீடன் 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2001 மார்ச்சு முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் எல்லைக்குள் இருக்கிறது. டென்மார்க், ஜெர்மனி, பின்லாந்து, நெதர்லாந்து ஆகியவற்றோடு ஒன்றிய உறுப்பினர் அல்லாத நார்வேயும் இதே ஷெங்கன் எல்லைக்குள்தான் இருக்கிறது. மொத்தம் 29 நாடுகள். குறுகிய காலப் பயணிக்கு அவை அனைத்தும் ஒரே வாசலுக்கு உட்பட்ட வீடு போல. ஆகவே சுவீடன் தூதரகம் வழங்கிய வழக்கமான ஷெங்கன் விசாவோடு கோபன்ஹேகனிலோ பிராங்பர்ட்டிலோ இறங்குவதில் விதிமீறல் ஏதும் இல்லை. விதி கேட்பது வேறொன்று: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது பயணத்தின் முதன்மை நோக்கம் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகள் சமமாக நிற்கும்போது மட்டும் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். கோதென்பர்க்கில் பன்னிரண்டு நாளும் கோபன்ஹேகனில் மூன்று நாளும் இருக்கப் போகிறவர், கோபன்ஹேகனில் இறங்கினாலும் சுவீடனிடமே விண்ணப்பிக்க வேண்டும். விசா சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வேறொரு நாட்டிடம் விண்ணப்பித்துவிட்டு, பிறகு முழு நாட்களையும் கோதென்பர்க்கில் கழிப்பது, எல்லையில் கேள்வி எழும்போது பதில் சொல்ல முடியாத நிலையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் கடவுச்சீட்டு உள்ளவர்கள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்வரை விசா இன்றித் தங்கலாம். அவர்களுக்கு எட்டியாஸ் எனப்படும் இணையவழி முன்னனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. அதன் கட்டணம் 20 யூரோ. விசா வாங்கிச் செல்பவர்களுக்கு எட்டியாஸ் தேவையில்லை. ஆகையால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பணம் கேட்கும் எந்த இணையத்தளத்தையும் நம்ப வேண்டாம்.

விசா விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவெடுக்க வழக்கமான கால அளவு 15 நாள் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம் என்பதால், கோடையில் போக நினைப்பவர்கள் பொங்கல் முடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதில் அடங்காது. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டின் வரம்பு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அது ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் பொருந்த வேண்டும். செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதைப் பார்க்கும்போது சுவீடன் நாளொன்றுக்கு 450 குரோனா என்ற அளவைக் கொள்கிறது; தங்குமிடத்தையும் உணவையும் அழைப்பவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதைக் காட்ட முடிந்தால் இந்த அளவு குறைவாகவும் ஏற்கப்படலாம்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், அழைக்கும் பிள்ளையிடமிருந்து இரண்டு தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, சுவீடனின் குடிவரவுத் துறையான மிக்ரஷூன்ஸ்வெர்கெட் வைத்திருக்கும் அழைப்புப் படிவம். மற்றொன்று, பிள்ளை அந்த முகவரியில் வசிப்பதாக வரித்துறையின் மக்கள் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும் சான்று. இந்தச் சான்றைச் சுவீடனில் இருப்பவர் இணையத்தின் வழியே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஆனாலும் சில குடும்பங்கள் அதைக் கடைசி வாரம்வரை தள்ளிப் போடுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேரக்குழந்தை பிறக்கும் நேரத்தில் 90 நாளுக்கு மேல் தங்க விரும்புவோருக்கு ஷெங்கன் விசா பொருந்தாது. அவர்கள் சுவீடனின் நீண்ட வருகைக்குரிய தங்கும் அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் பன்முறை விசாவும், அதற்குப் பிறகு, கடவுச்சீட்டின் ஆயுள் இடம் கொடுத்தால், ஐந்தாண்டு விசாவும் வழங்கப்படலாம். பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் விண்ணப்பத்தோடு நகலெடுத்து வைப்பதற்கு இதுவே போதுமான காரணம். ஒருமுறை நுழைவு விசா கையில் உள்ளவர், கோதென்பர்க்கில் இருந்துகொண்டு ஆஸ்லோவுக்கோ கோபன்ஹேகனுக்கோ போய்வரலாம்; லண்டனுக்குப் போனால் மட்டும், திரும்ப நுழைய வழி இல்லாமல் அங்கேயே பயணம் முடிந்துவிடும்.

இனி எல்லை. ஷெங்கன் நாட்டவர் அல்லாதவர்களின் வருகையையும் புறப்பாட்டையும் முத்திரைக்குப் பதிலாகக் கணினியில் பதியும் புதிய முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2026 ஏப்ரல் 10 அன்று எல்லா எல்லைகளிலும் முழுமையாக நடைமுறையில் இருக்க வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. முதல் தடவை செல்பவரின் முகப்படம் எடுக்கப்படும். விசா இல்லாமல் செல்பவர்களிடம் நான்கு விரல்களின் ரேகையும் வாங்கப்படும். விசா உள்ளவர்களின் ரேகை விண்ணப்பத்தின்போதே பதிவாகிவிட்டதால், அது ஒப்பிட்டு மட்டும் பார்க்கப்படும். இந்தப் பதிவு உங்கள் பயணம் முடியும் ஊரில் நடப்பதில்லை, ஷெங்கன் மண்ணில் நீங்கள் முதலில் கால்வைக்கும் விமான நிலையத்தில் நடக்கிறது. சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக லாண்ட்வெட்டர் போகிறவர் எல்லைச் சோதனையைப் பிராங்பர்ட்டில் முடிக்கிறார். லாண்ட்வெட்டரில் அவர் உள்நாட்டுப் பயணி போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிடலாம். துபாயிலிருந்தோ தோகாவிலிருந்தோ கோபன்ஹேகனுக்கு நேராக வருகிறவர் காஸ்ட்ரூப் நிலையத்தில் முடிக்கிறார். இஸ்தான்புல் போல ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஊரிலிருந்து நேராக லாண்ட்வெட்டருக்கு வருகிறவர் மட்டுமே கோதென்பர்க்கிலேயே முடிக்கிறார். என் கணக்கில் இந்த ஒப்பீட்டின் மையப்புள்ளி இதுதான்.

லாண்ட்வெட்டர் வழியை எடுத்துக்கொள்வோம். 1977-இல் திறக்கப்பட்ட இந்த நிலையம் நகரத்துக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், காட்டுக்கு நடுவே இருக்கிறது. அளவில் சிறியது, எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. பிராங்பர்ட், மியூனிக், ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி, கோபன்ஹேகன், இஸ்தான்புல் போன்ற மையங்களிலிருந்து இங்கே விமானங்கள் வருகின்றன. ஒரே பயணச்சீட்டில் வாங்கினால், சென்னையில் ஒப்படைத்த பெட்டியை லாண்ட்வெட்டரில் எடுக்கலாம். இடையில் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டால், விமான மாற்றம் முழுவதும் ஊழியரே அழைத்துச் சென்று விடுவார். இந்த வழியின் நலிந்த இடம், மாறும் ஊரில் உள்ள நேர இடைவெளி. பயணச்சீட்டுத் தளங்கள் ஒரு மணி நேரம் பத்து நிமிட இடைவெளியைக்கூடச் சட்டப்படி சரியான இணைப்பாகக் காட்டும். ஆனால் அந்த நேரத்துக்குள் பெரிய நிலையத்தில் எல்லை வரிசையையும் பாதுகாப்புச் சோதனையையும் கடந்து வேறு முனையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் தடவை பதிவு செய்யப்படும் பெற்றோருக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு மணி நேரம் என்று திரையில் வந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் வயதானவர்களுக்கு அந்த நான்கு மணி நேரமே நிம்மதி.

லண்டன் வழியாக மலிவான சீட்டு தென்பட்டால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிரிட்டன் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் பொதுவாக பிரிட்டனின் இடைவழி விசா தேவைப்படுகிறது. குறுகிய கால ஷெங்கன் விசா அதற்கு ஈடாகாது.

லாண்ட்வெட்டருக்கு ரயில் கிடையாது. நகரத்துக்கு வருவதற்கு விமான நிலையப் பேருந்துதான் வழக்கமான வழி. அது கோஷ்வேகன் என்னும் சந்திப்பில் நின்று, மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய நீல்ஸ் எரிக்சன் முனையத்தில் முடியும். அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். இந்தப் பேருந்துச் சீட்டும் நகரத்தின் டிராம் சீட்டும் வெவ்வேறானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றில் ஏற முடியாது.

அடுத்து காஸ்ட்ரூப், அதாவது கோபன்ஹேகன் விமான நிலையம். வளைகுடா விமானங்களும் சிங்கப்பூர், பாங்காக் ஆகிய ஊர்களிலிருந்து நேரடி விமானங்களும் வந்திறங்கும் இடம் என்பதால், சென்னை, திருச்சி, கொழும்பு, கோலாலம்பூர் என்று எங்கிருந்து கிளம்பினாலும் ஒரே ஒரு மாற்றத்தில் அல்லது இரண்டில் இங்கே வந்துவிடலாம். எல்லை வரிசையை முடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் முனையத்தை விட்டு வெளியே வந்தால், அதன் கீழேயே ரயில் நிலையம். கோபன்ஹேகன் நகரத்துக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. சுவீடன் திசையில் போகும் ஓரெசுண்ட் ரயிலில் ஏறினால் போதும். அந்தத் திசையைக் கவனிக்காமல் நகரத்தை நோக்கிய வண்டியில் ஏறிவிடுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. மால்மோ, லுண்ட், ஹெல்சிங்போரி, ஹால்ம்ஸ்டாட், வார்பெர்க் வழியாகக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் இந்த வண்டி, சுமார் மூன்றரை மணி நேரத்தில் கோதென்பர்க் மத்திய நிலையத்தை அடைகிறது. பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டி உண்டு. எல்லையில் ஒரு மணி நேரம் வீணானால் அடுத்த வண்டியில் போகலாம் என்ற நிம்மதி, இணைப்பு விமானத்தில் கிடைக்காதது. இந்த வழியின் பலம் கட்டணத்தைவிட இதில்தான் இருக்கிறது.

2000 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலத்தின் மேல் போவது ஓர் அனுபவம் என்பதையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க் கரையிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம், பிறகு நடுக்கடலில் கட்டி எழுப்பிய செயற்கைத் தீவு, அதன் பிறகு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் பாலம். இன்னும் வடக்கே போனால் ஹாலாண்ட்ஸ் குன்றின் சுரங்கம் வரும். நீர்க்கசிவாலும் நச்சு வேதிப்பொருள் விவகாரத்தாலும் பலமுறை நின்றுபோன அந்த வேலை 1992-இல் தொடங்கி 2015 டிசம்பரில்தான் முடிந்தது. எட்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்துக்கு இருபத்துமூன்று ஆண்டுகள். சுவீடன்காரர்கள் எல்லாவற்றையும் குறித்த நேரத்தில் முடிப்பவர்கள் என்று நம்பியிருப்பவர்களுக்கு இது சிறிய ஆறுதலாக இருக்கும்.

இந்த வழியில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொது விதி. ஆனால் 2015 நவம்பர் முதல் சுவீடன் தன் உள் எல்லைகளில் சோதனையை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. பாலத்தைத் தாண்டிய முதல் நிலையமான ஹில்லியில் காவலர்கள் வண்டிக்குள் ஏறிக் கடவுச்சீட்டைக் கேட்கலாம். விமான நிலையத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கடவுச்சீட்டைப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டவர்கள், வண்டி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் படும்பாடு பார்க்கச் சகிக்காது. இரண்டாவது, கோடையில் பாதைப் பராமரிப்புப் பணிகள் நடக்கும்போது சில பகுதிகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடப்படும், அல்லது மால்மோவில் வண்டி மாற வேண்டியிருக்கும். இருபத்துமூன்று கிலோ பெட்டிகள் இரண்டோடு நிற்கும் அறுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு, பத்து மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு அது சிறிய தொல்லை அன்று. மகனோ மகளோ காஸ்ட்ரூப்வரை வந்து அழைத்துப் போக முடியுமானால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம். முடியாது என்றால் முதல் பயணத்துக்கு லாண்ட்வெட்டரே நல்லது.

ஆர்லாண்டாவைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், சுவீடன் விசா என்றால் சுவீடனில்தான் இறங்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதைச் செய்கிறார்கள். அந்தக் காரணம் தவறு என்பதை மேலேயே பார்த்தோம். ஆர்லாண்டா ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது, கோதென்பர்க்கோ தென்மேற்கில். விரைவு ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஸ்டாக்ஹோம் மத்திய நிலையம் வந்துவிடலாம். புறநகர் ரயில் மெதுவானது, மலிவானது, ஆனால் விமான நிலையத்துக்கென்று தனி நுழைவுக் கட்டணம் சேரும். அங்கிருந்து சுவீடன் அரசின் ரயில் நிறுவனமான எஸ்.ஜே.யின் விரைவு வண்டி சுமார் மூன்று மணி நேரத்தில் கோதென்பர்க்கைச் சேர்க்கும். 2024-இல் எம்.டி.ஆர்.எக்ஸ். என்ற போட்டி ரயில் சேவையை வாங்கிய பின்லாந்தின் வி.ஆர். ரயில் நிறுவனமும் இதே பாதையில் ஓட்டுகிறது. 1862-இல் முழுமையடைந்த இந்தப் பாதையை அமைத்தவர் நீல்ஸ் எரிக்சன். கோதென்பர்க் பேருந்து முனையத்துக்கு அவர் பெயர்தான்.

விரைவு வண்டிகளின் கட்டணம் விமானக் கட்டணம் போல நாளுக்கு நாள் மாறும். பல வாரம் முன்பு வாங்கினால் மிக மலிவு. ஆனால் மலிவான சீட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் சீட்டு போய்விடும். தாமதத்துக்குப் பயந்து பிந்திய வண்டிக்கு வாங்கினால், ஸ்டாக்ஹோம் நிலையத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே ஸ்டாக்ஹோமையும் இரண்டு நாள் பார்க்கும் திட்டம் இருந்தால் இந்த வழி மிக நல்லது: முதலில் அங்கே தங்கி, களைப்புத் தீர்ந்து, குறித்த வண்டியில் நிதானமாக ஏறலாம். கோதென்பர்க் மட்டுமே இலக்கு என்றால், நான்கு வழிகளில் இதைத்தான் கடைசியில் வைப்பேன்.

கடல் வழியைச் சென்னையிலிருந்து கிளம்புபவர் நினைத்துப் பார்ப்பது அரிது. ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டுச் சுவீடன் போக நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஹாம்பர்க்கிலிருந்து ஒன்றே கால் மணி நேர ரயில் தொலைவில் உள்ள கீல் துறைமுகத்திலிருந்து, ஸ்டெனா லைன் கப்பல் மாலையில் கிளம்பி மறுநாள் காலை கோதென்பர்க்கை அடைகிறது. ஏறக்குறைய பதினான்கரை மணி நேரப் பயணம். விடுதிச் செலவு ஒன்று மிச்சம். பெட்டி எடைக்குக் கட்டுப்பாடு இல்லாததைப் போன்றதுதான். இந்த வழியில் ஓடும் ஸ்டெனா ஜெர்மானிக்கா, 2015-இல் மெத்தனாலில் இயங்குமாறு மாற்றப்பட்ட கப்பல். காலையில் தீவுக்கூட்டத்துக்கு நடுவே புகுந்து, எல்ஃப்ஸ்போரி கோட்டையைக் கடந்து, ஆற்றின் முகத்தில் உள்ள உயர்ந்த தொங்குபாலத்தின் கீழ் நுழையும்போது நகரம் கண்முன் விரியும். வேறு எந்த வழியும் கோதென்பர்க்கை இப்படிக் காட்டாது. டென்மார்க்கின் வடமுனைக்கு அருகில் உள்ள பிரடெரிக்ஸ்ஹாவனிலிருந்தும் மூன்றரை மணி நேரக் கப்பல் உண்டு, ஆனால் அந்த ஊர்வரை போய்ச் சேர்வதே ஒரு பயணம். இவை எல்லாம் ஷெங்கனுக்கு உட்பட்ட பயணங்கள். என்றாலும் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

நார்வேயில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு ஆஸ்லோவிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நார்வேயின் தங்கும் அனுமதி அட்டையும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் இருந்தால் தனி விசா வேண்டாம். நார்வே ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் வாங்கி எடுத்துவரும் பொருள்களுக்கு மட்டும் வரம்பு உண்டு.

சுங்கம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஊரிலிருந்து ஆசையாகக் கட்டி எடுத்துப்போகும் நெய்யும் பால்கோவாவும் இதில் அகப்படும். கறிவேப்பிலைக்கும் தடை; தாவர நலச் சான்று இல்லாத மாம்பழமும் கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வற்றல், பொடி வகைகள், ஊறுகாய் ஆகியவற்றால் பெட்டியை நிரப்புவதே நல்லது.

விமானம் தாமதமாகும்போது கிடைக்கும் பாதுகாப்பிலும் வேறுபாடு இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனத்தின் சீட்டில் சென்னையிலிருந்து லாண்ட்வெட்டர் வந்தால், போகும்போதும் திரும்பும்போதும் ஒன்றியத்தின் இழப்பீட்டு விதி பொருந்தும்; நீண்ட தொலைவுக்கு அது 600 யூரோவரை இருக்கலாம். வளைகுடா நிறுவனத்தில் வந்தால், ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பயணத்துக்கு மட்டுமே பொருந்தும். விமானமும் ரயிலும் தனித்தனிச் சீட்டுகளாக இருக்கும்போது, விமானத் தாமதத்தால் தவறிய ரயிலுக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஓரெசுண்ட் வண்டியில் இந்த இழப்பு சிறிது, ஸ்டாக்ஹோம் விரைவு வண்டியில் பெரிது.

ஊருக்குள் வந்துவிட்டால் கவலை இல்லை. 1879-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம்களே கோதென்பர்க்கின் நாடி. வெஸ்ட்ராஃபிக் என்னும் வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் ஒரே சீட்டு டிராமுக்கும் பேருந்துக்கும் படகுக்கும் செல்லும். கைப்பேசிச் செயலியில் வாங்கலாம், வண்டிக்குள் உள்ள கருவியில் வங்கி அட்டையைத் தொட்டும் வாங்கலாம். வண்டிக்குள் ரொக்கம் வாங்குவதில்லை. பொதுவாகவே சுவீடனில் நோட்டுகளுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. கடைகள் பலவற்றில் ரொக்கம் ஏற்பதில்லை என்ற பலகை இருக்கும். ஆகவே விமான நிலையத்தில் குரோனா நோட்டுகளை மாற்றி நட்டப்படுவதைவிட, வெளிநாட்டில் இயங்கும் இரண்டு அட்டைகளை வைத்திருப்பது நல்லது. பதினோராம் எண் டிராமில் சால்ட்ஹோல்மன்வரை போய், அதே சீட்டில் படகேறினால், கார்களே இல்லாத தெற்குத் தீவுகளுக்குப் போகலாம். தனியாகச் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் சொல்லத் தோன்றும். 2018 முதல் நகரத்தின் அடியில் ரயில் சுரங்கம் தோண்டப்படுவதால் மத்திய நிலையம், ஹாகா, கோஷ்வேகன் ஆகிய இடங்களைச் சுற்றி நடைபாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சக்கரப் பெட்டிகளை இழுத்துச் செல்பவர்கள் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காரில் வர நினைப்பவர்களுக்கு, 2013 முதல் நகரத்துக்குள் நெரிசல் வரி இருக்கிறது. 2014-இல் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் அதை வேண்டாம் என்றார்கள். வரி மட்டும் போகவில்லை.

போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். களைப்போடும் நிறைந்த பெட்டிகளோடும் வரும்போது லாண்ட்வெட்டரில் இறங்கி, பெட்டி எடை குறைந்து ஊரும் பழகிய பின்பு, பிள்ளையோடு ரயிலில் பாலத்தைக் கடந்து கோபன்ஹேகனில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து விமானம் ஏறுவதே பெற்றோருக்கு நான் சொல்லும் ஏற்பாடு. பல நகரத் தேர்வில் தேடினால் இத்தகைய சீட்டின் விலை, ஒரே ஊருக்குப் போய்வரும் சீட்டின் விலையிலிருந்து பெரும்பாலும் அதிகம் விலகுவதில்லை. விசா விண்ணப்பத்தோடு கொடுக்கும் பயணத் திட்டத்திலும் அந்த ஓர் இரவை டென்மார்க் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் தங்கிய நாட்களின் கணக்கில் சேரும் என்பதால், விசாவில் குறித்த நாட்களின் எண்ணிக்கை காஸ்ட்ரூப்பில் வெளியேறும் அந்த நாளையும் தாங்குகிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே சீட்டை உறுதிசெய்ய வேண்டும்.